இரண்டு அடி லாபம்

சென்ற வாரம், எங்கள் ஆய்வுக்கூடத்தில் மண் காயவைக்கும் அடுப்பில் மத்தியானச் சோற்றைச் சூடு பண்ணித் தின்ற கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு உழவர்கரை வாசகர் ஒருவர், "இவ்வளவு யோக்கியமான கூடம் கொடுத்த ரிப்போர்ட்டை நம்பியா நாங்கள் வீடு கட்டினோம்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. அவருக்குப் பதில்தான் இந்த வாரம். படித்து முடித்தபின் அவருக்குத் தூக்கம் வராவிட்டால் நான் பொறுப்பில்லை.

மூன்று காலும் முப்பது குடமும்

சுனாமி வந்துபோன மறு வருஷமோ, அதற்கடுத்ததோ. வைத்திக்குப்பத்தில் படகுகளை ஏற்றி வைக்கும் இடத்துக்குச் சற்று மேற்கே, மணலில் மூன்று இரும்புக் கால்களை விரித்து நிறுத்தியிருந்தோம். உச்சியில் கப்பி, கப்பியில் கயிறு, கயிற்று நுனியில் அறுபத்து மூன்றரைக் கிலோ இரும்புக் குண்டு. நாலு பேர் கயிற்றை இழுப்பார்கள். குண்டு மேலே போகும். கயிற்றை விட்டால் டணாரென்று விழும். காற்றில் வந்த உப்பும் துருவும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தன.

குண்டு விழத் தொடங்கிய அரைமணி நேரத்தில் முப்பது பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டிவிட்டன. போர் போடுகிறார்களாம், தண்ணீர் வரப்போகிறதாம். இது தண்ணீருக்கில்லை, மண்ணைச் சோதிப்பதற்கு என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். மண்ணைச் சோதிக்க எதற்கம்மா அதைப் போட்டு அடிக்கிறீர்கள், அள்ளிப் பார்த்தால் தெரியாதா என்று ஒரு அம்மா கேட்டார். நாலு வருஷம் படித்த படிப்பில் அதற்குப் பதில் தேடினேன். அதற்குள் அந்த அம்மா தன் குடத்தை வரிசையில் முன்னால் நகர்த்திவிட்டார்.

குடங்கள் வந்ததற்கு நாங்களேதான் காரணம். அங்கே கட்டப்போகும் கட்டடத்துக்குப் பணம் தரும் வெளியூர் அமைப்பு, என்ன சோதனை செய்யப் போகிறீர்கள் என்று மக்களுக்குத் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லியிருந்தது. நான் 'மண் திரவமாதல்' என்று எழுதினேன். எங்கள் முதலாளி அது யாருக்கும் புரியாது என்று அடித்துவிட்டு, தன் கையால் 'இவ்விடத்தில் மண் தண்ணீராகும் வாய்ப்பு ஆராயப்படும்' என்று எழுதி மீன் விற்கும் இடத்துச் சுவரில் ஒட்டவைத்தார். எல்லோருக்கும் நன்றாகப் புரிந்துவிட்டது.

அந்தக் குடங்களுக்கு நடுவே, குடை நிழலில், நோட்டும் பேனாவுமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்தான் சைட் இன்ஜினியர் பிலோமினா, அதாவது நான். வயது இருபத்தைந்து. மண்ணுக்குள் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு.

காலை ஆட்டினால் தெரியும்

விஷயம் இவ்வளவுதான். கடலோரத்து மணல் தண்ணீரில் ஊறித் தளர்ந்து கிடக்கும். பூமி அதிர்ந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நெருக்கும். மணல் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியை விட்டுவிடும். கொஞ்ச நேரத்துக்கு மண் கூழாகிவிடும். மேலே நிற்கும் கட்டடம் சாயும், இல்லை புதையும்.

இதை நான் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, மீன் விற்கும் பெண்கள் சங்கத் தலைவி அஞ்சலை அக்காவிடம் விளக்கினேன். அவர் என்னைக் கையைப் பிடித்து அலை வந்து போகும் ஈர மணலுக்குக் கூட்டிப்போனார். நின்ற இடத்திலேயே காலை இரண்டு ஆட்டு ஆட்டினார். கணுக்கால் வரை உள்ளே போய்விட்டது.

"இதானே?" என்றார்.

"இதுதான்."

"இதுக்கா மூணு காலு கட்டி அடிக்கிறீங்க?"

அஞ்சலை அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கடலூர்ப் பக்கம் வாக்கப்பட்டிருந்த தங்கச்சியை அலை கொண்டுபோயிருந்தது. ஓடி ஏறுவதற்கு அந்தப் பக்கத்தில் ஓர் உயரமான இடம் இல்லை என்பதை அவர் யாரிடம் பேசினாலும் சொல்லிவிடுவார். அதனால்தான் அந்தக் கட்டடம் அவருக்கு உயிராக இருந்தது. கீழே மீன் விற்கும் கூடம், மேலே அறைகளோடு ஒரு மாடி. சாதாரண நாளில் சங்கத்துக்கு. கடல் பொங்கினால் குப்பமே ஓடி ஏறிக்கொள்ள. பணம் தரும் அமைப்பு ஒப்புக்கொண்டது, ஒரே நிபந்தனையோடு. மண் கூழாகும் என்று ரிப்போர்ட் வந்தால், கட்டடத்தைக் கோரிமேட்டுப் பக்கம் செம்மண் மேட்டில் கட்டிவிடுவார்களாம்.

கோரிமேட்டில் கடல் இல்லை என்பதை அந்த அமைப்பின் அதிகாரியிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அங்கே மீன் வாங்க வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் வந்து இறங்கும் நோயாளிகளாகத்தான் இருப்பார்கள்.

முசியே

எங்கள் முதலாளியை ஊரே முசியே என்றுதான் கூப்பிடும், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்துவிட்டு வந்து, பென்ஷனை வைத்து உழவர்கரையில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறையில் மண் ஆய்வுக்கூடம் தொடங்கியவர். எதற்கும் "பா தெ பிரோப்ளெம்" என்பார், பிரச்சினையே இல்லை என்று பொருள். மிஷின் உடைந்தாலும் பா தெ பிரோப்ளெம். சம்பளம் தாமதமானாலும் அதே. எங்கள் பிரச்சினைகளில் பாதி அந்த மூன்று வார்த்தையில் தொடங்கியவைதான்.

அவரிடம் குண்டு அடிக்கும் குழுவுக்குத் தலைவர் கலியபெருமாள் அண்ணன். பாகூர்ப் பக்கம் விவசாயி. நடவு முடிந்தால் எங்களிடம் வருவார், அறுப்புக்குத் திரும்பிப் போய்விடுவார். அதிகம் பேசமாட்டார். எண்ணுவது அவர் வேலை, எழுதுவது என் வேலை.

எண்ணுவதில்தான் மொத்த விஞ்ஞானமும் இருக்கிறது. குழியின் அடியில் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி, மேலே குண்டால் அடிக்க வேண்டும். குழாய் பதினைந்து சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ண வேண்டும். இப்படி மூன்று தடவை. குழியின் அடிமண் தோண்டும்போதே கலங்கியிருக்கும் என்பதால் முதல் பதினைந்தை விட்டுவிட்டு, அடுத்த இரண்டையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை பெரிதாக இருந்தால் மண் கெட்டி, சிறிதாக இருந்தால் தளர்ச்சி. அந்த இடத்துக்கு, அந்த ஆழத்துக்கு, எங்கள் கணக்கில் பதினைந்து வந்தால் தப்பிக்கலாம்.

மூன்று மீட்டரில் பதிமூன்று வந்தது. நாலரையில் பதினான்கு.

நான் கண்டுபிடித்த கண்டுபிடிப்பு

அன்று சாயங்காலம் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதிமூன்று, பதினான்கு. இன்னும் ஒன்று, இரண்டு வந்திருந்தால் கட்டடம் குப்பத்திலேயே இருக்கும். அஞ்சலை அக்கா அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பார். நோட்டைப் பார்க்கமாட்டார், என் முகத்தைப் பார்ப்பார்.

மறுநாள் காலையில் காற்று அடங்கியிருந்தது. அதுவரை கடல் இரைச்சலில் கலியபெருமாள் அண்ணன் கடைசியில் கத்தும் எண் மட்டும்தான் என் காதில் விழும், நடுவில் அவர் முணுமுணுப்பது கேட்காது. அன்று முதல் தடவையாக அவர் ஒவ்வொரு பதினைந்தையும் எப்படித் தொடங்குகிறார் என்று கேட்டேன்.

"லாபம்" என்று தொடங்கினார்.

குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு சொன்னதை அலை தின்றுவிட்டது.

ஆக, இந்த மனுஷர் முதல் அடியை எண்ணுவதே இல்லை! சாமிக்கு விடுவதுபோல லாபம் என்று விட்டுவிட்டு, அடுத்த அடியிலிருந்துதான் ஒன்று என்று தொடங்குகிறார். அப்படியானால் ஒவ்வொரு பதினைந்திலும் ஒரு அடி குறைகிறது. கூட்டும் இரண்டிலும் சேர்ந்து இரண்டு அடி. பதிமூன்று என்பது பதினைந்து. பதினான்கு என்பது பதினாறு.

அவசரப்படாமல் உறுதி செய்துகொண்டேன் என்பதை வாசகர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். டீ குடிக்கும்போது அவரிடமே போய்க் கேட்டேன்.

"அண்ணே, முதல்ல வர்றது கணக்குல சேராதுல்ல?"

"சேராது மேடம். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்றார், கிளாஸை ஊதிக்கொண்டே.

போதும். நோட்டைத் திறந்தேன். எல்லா வரியிலும் ஒவ்வொன்று கூட்டினேன். ஓரத்தில் அழகாக ஒரு குறிப்பும் எழுதினேன்: களப் பணியாளரின் பாரம்பரிய எண்ணும் முறையால் ஏற்பட்ட பிழை திருத்தப்பட்டது. புத்தகத்தில் கப்பியில் உரசும் கயிற்றின் சோம்பலுக்குத் திருத்தம் உண்டு, மேலிருக்கும் மண்ணின் பாரத்துக்குத் திருத்தம் உண்டு. நம்பிக்கைக்குத் திருத்தம் போட்ட முதல் ஆள் நான்தான் என்று எனக்கு ஒரே பெருமை.

முசியே அந்தக் குறிப்பை இரண்டு தடவை படித்துவிட்டு என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். ரிப்போர்ட் போனது. கட்டடம் வைத்திக்குப்பத்திலேயே என்று கடிதம் வந்தது. அஞ்சலை அக்கா ஒரு பை நிறைய வஞ்சிரம் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். அம்மா மூன்று நாள் குழம்பு வைத்தாள். நானும் ஒவ்வொரு துண்டையும் தகுதியோடுதான் தின்றேன்.

நாலு படி அரிசி

பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் மாதா கோயில் பூசை முடிந்து வந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கலியபெருமாள் அண்ணன் சைக்கிளில் புது அரிசி மூட்டையோடு வந்து நின்றார், முதல் அறுப்பாம். அம்மா டின்னைத் திறந்து வைத்தாள். அவர் பையிலிருந்து ஒரு படியை எடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் டவுனில் பிறந்து டவுனில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு அரிசி கடையிலிருந்து எடைபோட்டு வரும். யாரும் எங்கள் கண் முன்னால் அளந்து கொட்டியதில்லை.

"லாபம்" என்று சொல்லி முதல் படியைக் கொட்டினார். "ரெண்டு." கொட்டினார். "மூணு." கொட்டினார். "நாலு."

அம்மா, ஒன்று எங்கே என்று கேட்டாள். அவர் சிரித்தார். லாபம்தான் ஒன்று, முதல் அளவை ஒன்று என்று சொல்லும் வழக்கமில்லை, அப்பன் பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தான் என்றார்.

கையிலிருந்த இட்லியைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, சைட்டுலயும் இப்படித்தான் எண்ணுவீங்களா?"

"சைட்டுல மட்டும் வேற கணக்கா மேடம்?"

"நான் அன்னைக்குக் கேட்டப்ப, முதல்ல வர்றது சேராதுன்னு சொன்னீங்களே."

"ஆமா. மொத பதினஞ்சு சென்டிமீட்டரு சேராது. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

நான் கேட்டது ஒரு முதல், அவர் சொன்னது வேறொரு முதல். நடந்ததைச் சொன்னேன். அவர் படியைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை நாளாக எண்ணத் தெரியாதவன் என்றா என்னை நினைத்திருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. நெல் அளந்து பிழைத்த குடும்பத்துக்காரருக்கு எண்ணத் தெரியாது என்று, அரிசி எப்படி அளப்பார்கள் என்றே தெரியாத நான், ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அடுத்தவர் வாயில் வந்ததை வைத்து ஒரு தவளை கெட்டது.

பிரச்சினையே இல்லை

திங்கட்கிழமை முசியேவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதிமூன்றுக்கும் பதினைந்துக்கும் பெரிய வித்தியாசமில்லை, பூகம்பம் வந்தால்தானே, வந்தாலும் நம்மூருக்கா வரும், வந்தாலும் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துப் படிக்க யார் இருக்கப் போகிறார்கள் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் அந்த மூன்று வார்த்தைக்கு வந்து சேர்ந்தார்.

"மண்ணு என்ன, கோர்ட்டுக்கா போவப் போவுது? பா தெ பிரோப்ளெம்."

சொன்னால் கட்டடம் கோரிமேட்டுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால், கடல் பொங்குகிற அன்று பூமியும் ஆடினால், அந்த மாடியில் குப்பம் மொத்தமும் ஏறி நிற்கும். வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. நான் தியாகி இல்லை. கணக்கு தெரிந்த பயந்தாங்கொள்ளி.

மறுநாள் காலை மீன் விற்கிற நேரத்தில் போய் அஞ்சலை அக்காவின் கூடைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டார். செதில் என் புடவையில் தெறித்தது. முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"பதிமூணு அடி அந்த ஆளு அடிச்சாரு. மிச்சம் ரெண்டு அடிய நீ பேனாவால அடிச்சிருக்க."

"ஆமாக்கா."

"வஞ்சிரத்த மட்டும் கரெக்டா எண்ணி வாங்கிக்கின."

எண்ணவில்லை, வாசலில் வைத்துவிட்டுப் போனீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மறுபடியும் கத்தியை எடுத்துவிட்டார்.

இன்னொரு தடவை அடித்துப் பார் என்றார். பழைய குழிக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி போட்டோம். முசியே வரவில்லை, மிஷினை மட்டும் அனுப்பினார். அதற்கு அவருக்கு இன்றும் நன்றி. இந்தத் தடவை நான் நாற்காலியில் உட்காரவில்லை. கலியபெருமாள் அண்ணன் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு போட்டேன். மாதாவே, எப்படியாவது பதினைந்து வந்துவிடட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தேன். மண்ணிடம் லஞ்சம் கேட்ட ஒரே இன்ஜினியர் நானாகத்தான் இருப்பேன்.

பதிமூன்று வந்தது.

மேலே போக வேண்டியது

பணம் தரும் அமைப்பின் அதிகாரி வந்தார். நான் அனுப்பிய திருத்திய ரிப்போர்ட்டைப் படித்தார். ஒரு முழு நாள் என்னை எவ்வளவு பேசலாமோ அவ்வளவு பேசினார், எல்லாம் நியாயம். பிறகு கோரிமேடு என்று தொடங்கினார். அஞ்சலை அக்காவும் ஐம்பது பெண்களும் கூடைகளோடு வந்து அவர் ஜீப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஐஸ் உருகிய மீன் தண்ணீர் டயருக்கு அடியில் ஓடியது.

"மண்ணு தளதளன்னு இருந்தா மண்ணைக் கெட்டி பண்ணு. எங்களை ஏன் நகத்தற?" என்றார் அஞ்சலை அக்கா.

நான் நாலு வருஷம் படித்த புத்தகத்தில் அதே தீர்வு ஒரு அத்தியாயம் முழுக்க இருந்தது. குழாயை இறக்கி, ஜல்லியைக் கொட்டி, இடித்து இடித்து மண்ணுக்குள் தூண் தூணாக எழுப்பினால் சுற்றியுள்ள மணல் இறுகும், தண்ணீருக்கும் வெளியே போக வழி கிடைக்கும். செலவாகும் என்றார் அதிகாரி. இரண்டு வாரம் இழுபறி. கடைசியில் மாடி அறைகள் வேண்டாம், அந்தப் பணம் மண்ணுக்குள் போகட்டும் என்று முடிவானது. மாடிப்படி மட்டும் இருக்க வேண்டும் என்று அஞ்சலை அக்கா பிடிவாதம் பிடித்தார். அறை இல்லாத மாடிக்குப் படி எதற்கு என்று அதிகாரி கேட்டார். ஓடி ஏற அறை தேவையில்லை, மொட்டை மாடி போதும் என்றார் அவர்.

இன்றும் அந்தப் பக்கம் போனால் அந்தப் படியைப் பார்க்கலாம். மேலே கருவாடு காயும். கட்டி முடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று ஊருக்குப் புதியவர்கள் பேசிக்கொள்வார்கள். நான் பக்கத்தில் இருந்தால் வாயைத் திறக்கமாட்டேன்.

ஜல்லி கொட்டத் தொடங்கிய முதல் நாள் இன்னும் கண்ணில் இருக்கிறது. கலியபெருமாள் அண்ணன் குழாய் பக்கத்தில் நின்றார். நான் நோட்டோடு நின்றேன். ஒவ்வொரு குழிக்கும் எத்தனை கூடை என்று எண்ணி எழுத வேண்டும். முதல் கூடையை நான்தான் கொட்டுவேன் என்று அஞ்சலை அக்கா முன்னால் வந்தார். மீன் கூடை தூக்கிப் பழகிய தலை, சிம்மாட்டுத் துணி நழுவவில்லை. குழாய்க்குள் ஜல்லி சடசடவென்று இறங்கியது.

"லாபம்" என்றார் அக்கா.

கலியபெருமாள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்க.

நான் பேனாவை எடுத்தேன். அஞ்சலை அக்கா காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுதிக்கோம்மா" என்றார். "அது ஒண்ணு."